வாய் மறைத்துப் பேசும் பாடம்

— என்னத்துக்கு ஜெமீல் இவ்வளவு மெதுவா பேசுறீங்க? உங்கட பொஞ்சாதி குசினியில முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டுறா. நீங்க கத்தினாலும் அவக்குக் கேளாது. அவட காது ஒப்பரேசனுக்கு ஓமா, இல்லையா? அதைச் சொல்லுங்க.

— எனக்கு மெதுவாத்தான் பேச வரும் மச்சான்.

— நான் இண்டைக்கு இரவு மெயில் ரயிலில கொழும்புக்குப் போகோணும். விசா வேலை கிடக்கு. "அவர் ஓம் எண்டு சொல்றதை என்ட கண்ணால பாத்தாத்தான் வருவன் காக்கா" எண்டு நிக்கிறா என்ட தங்கச்சி. நீங்க என்னடா எண்டா நான் வந்த நாளில இருந்து வாயத் திறக்கல்ல.

— மண்டையில வெட்டுறதெண்டுறீங்க. காதுக்குள்ள கரண்டு எண்டுறீங்க. இஞ்ச இப்பத்தான் டெலிவிஷனே வந்திருக்கு. எனக்குப் பயம் வராதா?

— அவுஸ்திரேலியாவில அந்த ஆஸ்பத்திரியிலதானே நான் வேலை செய்றன். ஒளிக்காமச் சொல்றன், கேளுங்க. காதுக்குப் பின்னால மயிரை வழிச்சு, எலும்பைத் துளைச்சு, நூல் மாதிரி ஒரு கம்பியை உள்ளுக்கு விடுவாங்க. காயம் ஆறின பிறகுதான் மெசினப் பூட்டுவாங்க. இடுப்பில ஒரு பெட்டி, அதில இருந்து தலைக்கு ஒரு வயர். விளங்குதா?

— பெட்டியைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில நடக்கிறதா?

— முந்தானைக்குள்ள கிடக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?

— மறுகா? பூட்டின உடன எல்லாம் கேக்குமா?

— அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. பூட்டின அண்டைக்குப் பேச்சுக் கேளாது. தகரத்தில ஆணியால கீறின மாதிரி ஒரு இரைச்சல்தான். சில ஆக்கள் அழுது கழட்டி எறிஞ்சதை நானே பாத்திருக்கன். பழகப் பழகத்தான் இது கதவு, இது தண்ணி, இது மனுசன் எண்டு பிடிபடும். மாசக்கணக்கில போகும். அதுக்குத்தான் நீங்களும் வரோணும் எண்டுறன். விளங்குதா?

— நான் என்னத்துக்கு?

— பாடம் நடத்த. அவக்கு முன்னால இருந்து, கடதாசியால வாய மறைச்சுக்கொண்டு பேசோணும். வாயைப் பாக்க விடக்கூடா. உங்கட குரல் மட்டும்தான் அவக்கு. ஒவ்வொரு நாளும். என்ன ஜெமீல், முகமெல்லாம் வெளிறிப்போச்சு?

— ஒண்டுமில்ல. வேற ஆள் பேசலாந்தானே மச்சான். நீங்க பேசுங்க. இல்லாட்டி ஒரு நேர்ஸ்.

— எனக்கு ஷிப்ட் வேலை. அந்த ஊரில தமிழ் பேசுற நேர்ஸைத் தேடி நான் எங்க போறது? புருசன் கல்லு மாதிரி இருக்கக்க வேற ஆள் என்னத்துக்கு?

— வலக்காதில அவக்குக் கப்பல் ஹோர்ன் மட்டும் கேக்கும். துறைமுகத்தில ஊதினா நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு சிரிப்பா. அதுவும் போயிரும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?

— ஓம். கம்பி போற காதில மிச்சமிருக்கிறதும் போயிரும். திரும்பி வராது.

— அப்ப பாவமில்லையா? சரிவராட்டி இருந்த ஒண்டும் இல்லாமப் போயிருமே.

— அதை அவ யோசிச்சு முடிச்சிட்டா. போனாப் போகட்டும் எண்டுட்டா. இல்ல ஜெமீல், இது உங்கட காரணமில்ல. மூதூர் லாஞ்சியில என்ஜினடியில கிடக்கிற மனுசன் கம்பிக்கும் கரண்டுக்கும் பயப்பிட மாட்டார். என்ட மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவக்குக் காது கேளாம இருக்கிறது உங்களுக்கு வசதியா?

— அல்லாவே! என்ன கதை மச்சான் இது?

— கலியாணத்தண்டு ஊரே உங்களைத் தூக்கி வைச்சுப் பேசிச்சு. மூளைக்காய்ச்சலில செவிடாப் போன புள்ளைக்கு வாழ்க்கை குடுத்த தங்கமான மனுசனெண்டு. எங்கட வாப்பா உங்கட கையைப் பிடிச்சு அழுதார்.

— அதை விடுங்க.

— விட ஏலா. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? என்ட குரலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீங்க!

— குரலா?

— ஓம், இந்தக் குரல்தான்! இந்தப் பொம்பிளைக் குரல். வாயைத் திறந்தா மீன் சந்தையே திரும்பிப் பாக்குது. மூதூரில அந்த நோன்புக்கு நடந்ததை ஆரும் உங்களுக்குச் சொல்லல்லையா?

— பாங்குக் கதை. ஏதோ அரசல்புரசலாக் கேள்வி.

— முழுசாக் கேளுங்க. பள்ளிவாசலில பாங்கு சொல்ற மோதினாருக்குக் காய்ச்சல். நோன்பு துறக்கிற நேரம், மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஆளில்ல. நான் மீசை முளைக்கிற வயசு. ஆசையில மைக்கைப் பிடிச்சிட்டன். பள்ளிவாசலுக்குப் புதுசா வந்த மைக். மூதூர் முழுக்கக் கேட்டிச்சு. நேரமெல்லாம் சரிதான் மச்சான். ஆனா ஒரு வீட்டிலயும் நோன்பு துறக்கல்ல. ஆரோ ஒரு குமர்ப்புள்ள மைக்கில விளையாடுது எண்டு கஞ்சிக் கோப்பையை முன்னால வைச்சுக்கொண்டு, உண்மைப் பாங்கு வருமட்டும் காத்துக்கொண்டு இருந்தாங்க. லெப்பை ஓடிவந்து மைக்கைப் பறிச்சுத் திரும்பச் சொன்னார். அண்டையில இருந்து எனக்குப் பேர் மோதினும்மா, பொம்பிளை மோதினாராம். லாஞ்சியில ஏறுற சின்னப் புள்ளையளும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுதுகள்.

— அதுக்காகவா இந்த என்ஜினடி வேலை?

— அங்கதான் ஒருத்தர்ட குரலும் ஒருத்தருக்குக் கேளாது. மேல ஏறினா நான் ஊமை. வீட்டுக்கு வந்தா இவ. இவக்கு முன்னால மட்டும்தான் நான் வாய் நிறையக் கதைக்கிறன், சிரிக்கிறன், கோவம் வந்தாக் கத்துறன். என்ட வாயையே பாத்துக்கொண்டு இருப்பா. இவட நினைப்பில எனக்கு ஒரு ஆம்பிளைக் குரல் இருக்கும் மச்சான். அதைப் புடுங்கி எறியச் சொல்லி நானே ஓம் சொல்றதா? அதுவும் வாயையும் மறைச்சுக்கொண்டு?

— அப்ப என்ட தங்கச்சி உங்களுக்கு ஒளிச்சிருக்க ஒரு இடம்! கேளாத புள்ள எண்டுதான் தேடி வந்து கேட்டீங்க.

— வந்தது அப்பிடித்தான். இப்ப அப்பிடியில்ல. அல்லாஹ் அறிய அப்பிடியில்ல.

— வெக்கமா இல்லையா உங்களுக்கு? அந்தப் புள்ள இவ்வளவு காலமா ஒரு சத்தத்துக்கு ஏங்குது, நீங்க உங்கட மானத்தைப் பாக்குறீங்க!

— ஏசுங்க. நல்லா ஏசுங்க.

— ஏசி என்ன செய்ய, விசர் மனுசன்! அந்த மெசினுக்கு ஆம்பிளைக் குரல், பொம்பிளைக் குரல் எண்டு ஒண்டுமே இல்ல. உங்கட குரல், என்ட குரல், தெருவில போற ஐஸ்பழக்காரன்ட குரல், எல்லாம் ஒரே இரைச்சல். சொல்லு கொஞ்சம் கொஞ்சமாப் பிடிபடும். ஆற்ற குரல் எண்டு பிரிச்சுத் தெரியாது. நீங்க பயந்த சாமான் அந்தக் கம்பிக்குள்ளால வராது. விளங்குதா?

— மெய்யாவா?

— நாளாந்தம் நான் பாக்கிற வேலை.

— அப்ப என்ட குரல் இப்பிடித்தான் எண்டு அவக்குத் தெரியாது?

— தெரியாது.

— யா அல்லா! அப்ப ஓம் மச்சான். ஓம், ஓம்! கடதாசி என்ன, சாக்காலயும் வாய மூடிக்கொண்டு பேசுறன். இருங்க, நானே போய்ச் சொல்றன். புள்ள! நீ எப்ப இஞ்ச வந்த? மீன் என்னாச்சு?

— மீன் கிடக்கு. இஞ்சருங்க, ஆரும் வந்தா எனக்குத் தெரியட்டும் எண்டு கண்ணாடி அலுமாரியைக் குசினியில என்ட முகத்துக்கு நேர இழுத்து வைச்சது நீங்கதானே? கண்ணாடியில உங்கட வாயும் தெரிஞ்சிச்சு, காக்காட வாயும் தெரிஞ்சிச்சு.

— ஸுல்பிகா! எல்லாத்தையும் பாத்தியா தங்கச்சி?

— பாத்தன் காக்கா. நீங்க அவரை ஏசினதையும் பாத்தன். மயிரை வழிச்சா வழிக்கட்டும், கப்பல் ஹோர்ன் போனாப் போகட்டும் எண்டுதான் நான் இருந்தனான். இது ஒண்டை மட்டும் நீங்க எனக்குச் சொல்லல்லையே. ஆற்ற குரல் எண்டு தெரியாதா?

— இப்ப இருக்கிற மெசினுக்கு அப்பிடித்தான். பின்னால திருத்துவாங்க, இன்ஷா அல்லாஹ்.

— அப்ப எனக்கு வேணாம்.

— என்ன புள்ள கதைக்கிறாய்? நான் ஓம் எண்டுட்டன். பாத்துக்கொள், ஓம்!

— வேணாம் எண்டா வேணாம்.

— தங்கச்சி, இப்பிடி ஒரு இடம் திரும்பக் கிடைக்காது. கதவு தட்டினாக் கேக்கும், தண்ணி கொதிச்சாக் கேக்கும், பின்னால வாற பஸ் கேக்கும்.

— கதவையும் தண்ணியையும் கேட்டு நான் என்னத்தைச் செய்ய காக்கா? நான் ஒரு குரலுக்குத்தான் வெளிக்கிட்டனான்.

— ஆற்ற குரல் புள்ள? வாப்பாடயா? அவர்தான் மவுத்தாகிட்டாரே.

— முகத்தைத் திருப்பாதேங்க. என்னைப் பாருங்க. உங்களுக்குப் பெண் கேட்டு வந்தண்டு வாப்பா யோசிச்சார், நான் யோசிக்கல்ல. ஏனெண்டு நீங்க ஒருநாளும் கேக்கல்ல.

— உனக்குக் காது கேளாது, அதால ஓம் எண்டாய் எண்டு நினைச்சன்.

— எனக்குக் காய்ச்சல் வாறதுக்கு முந்தின நோன்புக்கு நான் கந்தளாயில எங்கட வீட்டில இருக்கல்ல. மூதூரில மாமி வீட்டில இருந்தனான்.

— மூதூரிலயா?

— ஓம். "கையை எடு, அது ஏதோ புள்ள விளையாடுது" எண்டு மாமி கத்திக் கத்திச் சொன்னா. ஊரெல்லாம் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்க, அந்தப் பாங்குக்கு நோன்பு துறந்தவ நான் ஒருத்திதான்.