போர்டில் கிடந்த தூள்

குன்றத்தூரில் கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் செல்போன் கம்பெனிச் சீருடையோடு இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க லைன்ல செல்போன் போர்டெல்லாம் ரிஜெக்ட் ஆச்சே, எல்லாம் வல்லக்கோட்டை முருகனாலதான்டி."

"என்னக்கா சொல்லுதிய?" இளையவள் தெற்கத்திக்காரி.

"ரிஜெக்ட் ஆவக் கூடாதுன்னு தெனம் மிஷினுக்கு அந்தக் கோயில் விபூதியப் பூசிக்கினு இருந்தேன். அது போர்டு மேல கொட்டி, ஈயம் ஒட்டாம பூடுச்சு. இன்னா காரணம்னு யாருக்கும் புரியல. காண்ட்ராக்ட் பொண்ணுங்கள நிறுத்திடலாம்னு பேச்சு. கடைசில எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வெச்சு போட்டோ எடுத்துப் பாத்தாங்க. சாம்பல்னு புட்டுப் புட்டு வெச்சிடுச்சு."

"ஐயோ! யாரையும் நிறுத்திட்டாவளா?"

"இல்லடி. நான்தான்னு அழுதுக்கினே சொன்னேன். சூப்பர்வைசர் சிரிச்சுட்டாரு. இனிமே லைனுக்குப் போறவங்க நெத்தியப் பாத்து உள்ள வுடறது என் வேலையாம்."

"அந்தப் போட்டோவப் பாத்தியளாக்கா?"

"பாத்தேன். கண்ணுக்கே தெரியாத தூளு, அதுல நம்ம குன்றத்தூர் முருகன் மலை மாட்டம் நிக்குது. படிக்கட்டு ஒண்ணுதான் இல்ல. சூப்பர்வைசர் எதிர்லயே கும்புட்டுட்டேன்."