மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறக்கச் சொன்னது குறித்து

என் பெயர் தேசப்பன். வயது 72. தகப்பனார் பெயர் குப்புராஜ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய மேட்டுநகர், இரண்டாவது தெரு, கதவு எண் 14-இல் மனைவியுடன் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் நகருக்குக் குடிநீர் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டி ஆபரேட்டர் துலுக்காணம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார். நலச்சங்கத்தின் சார்பில் நான் தினமும் காலை ஆறு மணிக்குக் குளோரின் அளவைச் சோதித்துச் சொல்வேன். அதன் பிறகே அவர் வால்வைத் திறப்பார். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருக்குமானால் மஞ்சள் நிறம் வரும். பக்கத்தில் இன்னொரு குழாயில் மருந்து விடாத தண்ணீரை வைத்து ஒப்பிட வேண்டும். அந்த இரண்டாவது குழாய் சென்ற மாதம் என் கை தவறி உடைந்துவிட்டது. வேறு குழாய் கேட்டால், வயதாகிவிட்டதென்று என்னை மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, ஒரே குழாயில் பார்த்து வந்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது துலுக்காணம் வால்வின் மேல் கையை வைத்தபடி, திறக்காமல் நின்றிருந்தார்.

"சார், பவுடரு நமுத்துப் போச்சு. வாசனையே வர்ல. தண்ணி வேற ஒரு மாதிரி கீது. இன்னிக்கு நிறுத்திட்டு தண்ணி லாரி கேக்கலாமா?" என்றார்.

நான் சோதித்தேன். மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. "மூக்க வச்சு டெஸ்ட் பண்ண முடியாதுப்பா. அளவு சரியா இருக்கு, திற" என்றேன். "வாத்தியாரே சொல்லிட்டீங்க, அப்புறம் இன்னா" என்று சிரித்துக்கொண்டே திறந்தார். எங்கள் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். எங்களுக்கு எதுவும் ஆகவில்லை.

வியாழக்கிழமைக்குள் முப்பத்தொரு பேருக்கு வாந்தி பேதி கண்டது. எதிர்வீட்டு ஹேமாவதியின் மகள், ஆறு வயது, இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். தொட்டிக்கு வரும் குழாய் உடைந்து சாக்கடை கலந்ததென்றும், குளோரின் அறவே இல்லையென்றும் ஆய்வகத்தில் சொன்னதாக அறிந்தேன். அதன் பிறகு, செவ்வாயன்று வீட்டில் பிடித்து வைத்ததில் மீதமிருந்த தண்ணீரை மருந்து விடாமல் வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தேன். அதுவே மஞ்சளாக இருந்தது. நான்கு முறை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, பவுடர் போடாமல் தண்ணீர் விட்டதாகத் துலுக்காணத்தை அழைத்துச் சென்றார்கள். நேற்று அவர் மனைவி செங்கம்மாள் என் வீட்டுக்கு வந்தார்.

"அது வாயே தொறக்க மாட்டேங்குது சார். சார் பேர இழுக்காத, வயசானவரு, ஸ்டேசன்னா தாங்க மாட்டாருன்னுது. இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல" என்றார். காபி சாப்பிடச் சொன்னேன். சாப்பிடவில்லை.

துலுக்காணம் அன்று தண்ணீரை நிறுத்தத்தான் கேட்டார். இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "திறக்கலாம்" என்று எழுதியிருந்த இடத்தில் "திற" என்று திருத்தும்படி கேட்டேன், திருத்தப்பட்டது. இதில் உள்ளவை யாவும் நான் அறிந்த உண்மை. எவர் வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) கு. தேசப்பன்