கங்கு கேட்டு வந்த கேத்தூராள்

தேரி மணலு ஒரு எடத்துல நிக்காம, காத்தடிச்ச பக்கமெல்லாம் நகந்துக்கிட்டுக் கெடந்த காலம். ஊருக்குள்ள தீப்பெட்டியே வராத காலம். அப்போ இந்தக் கள்ளிவிளையில மொத்தமே முப்பது நாப்பது குடிசைதான் இருந்துச்சாம். எல்லாம் பனையேறிக் குடும்பம். எல்லாம் புதுசா கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவங்க. கோயிலும் ஓலைக்கோயில்தானாம். மழை பெஞ்சா நடுவுல ஒழுகுமாம். ஒழுகுத எடத்த விட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஒதுங்கி உக்காந்து பாட்டுப் படிப்பாவளாம். இப்ப ஃபேன் ஓடலன்னா ஆராதனைக்கு வரமாட்டேங்கீங்க, அது வேற கதை.

அந்த ஊருல கேத்தூராள்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். புருசன் பனையிலருந்து விழுந்து செத்துப்போனான். பிள்ளைகுட்டி இல்ல. நல்ல ஒசரமாம், நடந்தா ஆம்பளை நடைமாதிரி இருக்குமாம். ஆனா நாலு பேரு கூடுன எடத்துல தொண்டை அடச்சிப் போயிரும். வாசல்ல நின்னா நல்லாப் பேசுவா, கோயிலுக்குள்ள வந்தா ஊமை.

அவகிட்ட ஒரு பழக்கம். விடிஞ்சதும் ஒரு தேங்காச் சிரட்டைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாளாம். ஒவ்வொரு வாசலா நிப்பாளாம்.

"ஏட்டி, ஒரு கங்கு இருக்கா?"

அப்பல்லாம் அடுப்பு அவிஞ்சிட்டா அடுத்த வீட்டுல போயிதான் நெருப்புக் கங்கு வாங்கணும். அது சரி. ஆனா தெனமுமா வாங்குவா ஒருத்தி? ராத்திரி சாம்பலப் போட்டு மூடிவச்சா காலையில கிண்டுனா கங்கு கெடக்கும்லா? இவளுக்கு மட்டும் கெடக்காதாம். அதோட, ஒரு வீட்டுல வாங்குன கங்கு அடுத்த வாசலுக்கு வாரதுக்குள்ள அவிஞ்சிருமாம். "காத்துல அவிஞ்சிட்டுட்டி, இன்னொரு கங்கு தா"ம்பாளாம். ஊரே சிரிக்கும். "ஒரு அடுப்பக் காக்கத் தெரியல, இவள்லாம் ஒரு பொம்பளை"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாவளாம். அவளும் சிரிச்சிக்கிட்டே போயிருவாளாம்.

கங்கு எடுக்கணும்னா அடுப்படி வரைக்கும் உள்ள போவணும். போற வழியில யாரு படுத்துக் கெடக்கான்னு பாப்பாளாம். பானையில தண்ணி இருக்கான்னு பாப்பாளாம். யாருக்காவது ஒடம்பு கொதிச்சா, சிரட்டையக் கீழ வச்சிட்டு ஒரு மொடக்கு கஞ்சி காச்சி வச்சிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவாளாம். அத யாரும் பெருசா எடுத்துக்கல. தெனமும் நடக்குதத யாரு பெருசா எடுத்துக்குவா?

அப்பதான் ஏசுவடியான் உபதேசியார் இந்த ஊருக்கு வந்தாராம். நல்ல மனுசன். அத மொதல்லயே சொல்லிருதேன், பொறவு அவரத் திட்டக் கூடாது. எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாரு, சாராயத்த நிறுத்துனாரு. அவருதான் ஒரு பிரசங்கத்துல சொன்னாராம்: "ஆவியானவரு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் குடுத்திருக்காரு. வரம் இல்லாத ஆளே சபையில கெடையாது. வரப்போற ஸ்தோத்திரப் பண்டிகையில அவனவன் எழுந்திரிச்சி அவனவன் வரத்தச் சபைக்கு முன்னால காட்டணும்."

சொன்னது சரிதான. என்ன தப்பு அதுல? ஒண்ணுமில்ல. ஆனா வரம்னா அது கோயிலுக்குள்ள, சபைக்கு முன்னால, வாயத் தெறந்து காட்டுத காரியம்னு அவரு நெனச்சிட்டாரு. ஊரும் அப்படியே நெனச்சிட்டு.

பண்டிகைக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரையும் நிறுத்திக் கேட்டாராம். சீமோன்னு ஒரு பாட்டுக்காரன், அவன் பாடுனா பனையில இருக்கவன் எறங்காம கேப்பானாம். அவன் பாடுனான். ஒருத்தி கண்ட தரிசனத்தச் சொன்னா. ஒருத்தன் நோயாளி தலையில கைய வச்சி ஜெபிச்சான். ஒருத்தன் வசனத்துக்கு வெளக்கம் சொன்னான். கேத்தூராள் முறை வந்துச்சு. எழுந்திரிச்சா. நின்னா. ஒரு சத்தமும் வரல.

"எனக்கு ஒண்ணும் வரல ஐயா."

பின்னாலருந்து ஒருத்தி சொன்னாளாம், "அவளுக்குக் கங்கு வாங்கத்தான் ஐயா வரும்!" சபை மொத்தமும் சிரிச்சிது. சிரிக்காதது ஒரே ஒருத்தி, பூரணம். சின்ன வயசுக்காரி, கைப்பிள்ளைக்காரி, தெக்குத்தெரு கடைசி வீடு. அவ புருசன் தூத்துக்குடியில மூடை தூக்கப் போயிருந்தான். ஆராதனை முடிஞ்சி வெளிய வரையில, பூரணம் இவ கையப் பிடிச்சி, "ஒனக்கும் வரும் மயினி, அழாத"ன்னாளாம்.

உபதேசியாரு சிரிக்கல. அவரு எரக்கப்பட்டாரு. எரக்கப்பட்டுத்தான் சொன்னாரு:

"கேத்தூராள், கேட்டா கெடைக்கும். பண்டிகை வரைக்கும் உபவாசம் இரு. விடிஞ்சதும் கோயிலுக்கு வந்திரு, பொழுதடைஞ்சதும் வீட்டுக்குப் போ. வேற எந்த வாசலையும் மிதிக்க மாட்டேன்னு பொருத்தனை பண்ணிக்கோ. வீடு வீடாச் சுத்துத மனசுல ஆவியானவரு எங்க வந்து தங்குவாரு?"

"ஐயா, பூரணத்துக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல, காச்சலோடதான் கோயிலுக்கு வந்தா. ஒரு எட்டு பாத்துட்டு…"

"அவளுக்கு அக்கம்பக்கம் இல்லியா? கர்த்தரு பாத்துக்குவாரு. நீ ஒன் வரத்தத் தேடு."

அவ சரின்னுட்டா. வரம் இல்லாத ஒருத்தின்னு ஊரு சிரிச்சது அவள அவ்வளவு நோவிச்சிருந்துச்சி.

ஐப்பசி மழை பிடிச்சிது. வெளிய தலகாட்ட முடியல. கேத்தூராள் கோயிலுக்குள்ள முழங்கால் போட்டுக் கெடந்தா. தெக்குத்தெருவுல பூரணத்துக்குக் காச்சலு கூடிப்போச்சு. கூப்பிடக் கூச்சப்படுத பிள்ளையாம் அது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சாம். "நம்ம வாசலுக்கு வரலன்னாலும், காச்சக்காரி வீட்டுக்குக் காலையில கேத்தூராள் போயிப் பாத்திருப்பா"ன்னு நெனச்சாளாம். எதுத்த வீட்டுக்காரி, கூரையில பொகை வரலியேன்னு பாத்தாளாம். "கேத்தூராள் பாத்திருப்பா"ன்னு நெனச்சாளாம். தெருவே நெனச்சிது, கேத்தூராள் பாத்திருப்பா. கேத்தூராள் கோயிலுக்குள்ள இருக்கா.

பண்டிகை அன்னைக்குக் காலையில சபை கூடுச்சு. கேத்தூராள் எழுந்திரிச்சா. வாயத் தெறந்தா. வந்துட்டுய்யா! அவ வாயிலருந்து ஜெபம் வந்துட்டு. தடையில்லாம, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, ஊருல ஒரு வீடு விடாம, ஒரு ஆளு விடாம பேரு சொல்லி ஜெபிச்சாளாம். அப்படி ஒரு ஜெபத்த இந்த ஊரு அதுக்கு முன்னால கேட்டதில்லன்னு சொல்லுவாவ. உபதேசியாரு அழுதுட்டாரு. சபை அல்லேலூயா அல்லேலூயான்னுச்சு. சீமோன் பாட்ட எடுத்தான்.

இவளுக்கு இருப்புக் கொள்ளல. பொருத்தனை முடிஞ்சிபோச்சுல்லா? மொதல்ல பூரணத்துக்கிட்ட சொல்லணும், சிரிக்காத பிள்ளைக்கிட்ட சொல்லணும்னு, பாடிக்கிட்டு இருக்கையிலயே வெளிய வந்துட்டா. வீட்டுக்குப் போயி சிரட்டைய எடுத்தா. மழையில ஓடுனாளாம்.

"ஏட்டி பூரணம், ஒரு கங்கு இருக்கா?"

சத்தமில்ல.

"ஏட்டி, எனக்கு வந்துட்டுட்டி! ஒரு கங்கு தா!"

உள்ள பிள்ளை மொனங்குத சத்தம் மட்டும் கேட்டுச்சாம், பூனைக்குட்டி மாதிரி. ஓலைத் தட்டியப் பிச்சிக்கிட்டு உள்ள போனா. அடுப்புல சாம்பலு நனஞ்சி கெடந்துச்சு. பானையில சொட்டுத் தண்ணி இல்ல. பூரணம் படுக்கையில இல்ல. வாசலப் பாத்து ஊர்ந்து வந்திருக்கா, பாதி தூரம் வந்திருக்கா, அங்கனயே போயிருக்கா. ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சாம். பிள்ளை அவ மார வாயில வச்சிக்கிட்டுக் கெடந்துச்சாம்.

இத எத்தனை தடவை சொன்னாலும் இந்த எடத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மேல சொல்லுவேன். ஒரு நிமிசம் இருங்க.

கேத்தூராள் பிள்ளையச் சேலையில சுத்தித் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வந்தா. உள்ள வரல. வாசல்லயே நின்னா. தல நனஞ்சி, சேலை நனஞ்சி, ஒரு கையில பிள்ளை, ஒரு கையில சிரட்டை. பாட்டு ஒவ்வொரு வாயா நின்னுச்சாம். கடைசியா சீமோனும் நிறுத்துனான்.

"ஐயா, பூரணம் வீட்டுல நெருப்பு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாளாம்.

அன்னைக்கே அடக்கம் பண்ணுனாவ. பண்டிகைக்குப் பொங்குன சோறு அப்படியே கெடந்துச்சாம், ஒருத்தரும் கைய வைக்கல. குழிப்பக்கம் நின்னு உபதேசியாரு புஸ்தகத்தத் தெறந்தாரு. வாசிக்க முடியல. மூடிட்டுச் சொன்னாராம்:

"இந்தப் பொம்பளைக்கு நான் ஒரு வரம் வாங்கிக் குடுத்தேன்னு காலையில சந்தோசப்பட்டேன். கர்த்தரு ஏற்கெனவே குடுத்து வச்சிருந்ததப் பிடுங்கிட்டுத்தான் அத வாங்கிக் குடுத்தேன். அவ கையில இருந்தது வரம்னு எனக்குத் தெரியல. என்னய மன்னிக்கச் சொல்லி ஒங்ககிட்ட கேக்கல. பூரணத்துக்கிட்டதான் கேக்கணும்."

பிள்ளை கத்துது, கத்துது, யாரு வாங்குனாலும் நிக்கல. அப்பதான் சீமோன் பாடுனானாம், மெதுவா, தாலாட்டு மாதிரி. பிள்ளை அடங்குச்சாம். அதுவரைக்கும் மரமா நின்ன கேத்தூராளும் அப்பதான் ஒடைஞ்சி அழுதாளாம். அதனால பாட்டு எதுக்குன்னு யாரும் என்கிட்ட கேக்காதீங்க. பாட்டும் வேணும். ஜெபமும் வேணும், பிரசங்கமும் வேணும். பாட்டுக்காரன் கங்கு கேட்டுப் போவணும்னு இல்ல. கங்கு கேட்டுப் போறவ பாடணும்னும் இல்ல. இத வெளங்கிக்கிட இந்த ஊரு பூரணத்தக் குழிக்குள்ள வைக்க வேண்டியிருந்துச்சே, அதான் வயித்தெரிச்சல்.

அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைக்குப் பாலு காச்ச ஒருத்தி கேத்தூராள் வீட்டுக்குப் போனாளாம், முந்தி கோயில்ல கேலி பேசுனாளே, அவளேதான். இவ அடுப்புலதான் நெருப்பே இருக்காதேன்னு, தன் வீட்டுலருந்தே கங்கு எடுத்துக்கிட்டுப் போனாளாம். போயி சாம்பலக் கிண்டுனா, அடியில செவசெவன்னு கங்கு. அடுப்பு நெறைய கங்கு. என்னைக்குமே அது அவிஞ்சதில்ல. அப்பதான் ஊருக்கு வெளங்குச்சு, அவ கங்கு வாங்க வரலன்னு. அந்தப் பொம்பளை அடுப்பு முன்னாலயே உக்காந்து நெஞ்சுல அடிச்சிக்கிட்டாளாம்.

கேத்தூராள் அதுக்கப்புறம் கோயில்ல வாயத் தெறந்ததே இல்ல. உபதேசியாரு எவ்வளவோ கேட்டாராம், "அந்த ஜெபத்த இன்னொரு தடவை…"ன்னு. "நல்லாத்தான் ஐயா இருந்துச்சு. என்னால முடியாது"ன்னுட்டாளாம். பூரணத்தோட பிள்ளைய அவதான் வளத்தா. அவன் அப்பன் தூத்துக்குடியிலருந்து வந்து, பாத்து, அழுது, பிள்ளைய அவ மடியிலயே போட்டுட்டுப் போயிட்டான். அந்தப் பிள்ளை வழிதான் நாங்க. ரத்தத்துக்குப் பூரணம், வளப்புக்குக் கேத்தூராள், ரெண்டு பேரும் எங்களுக்கு ஆத்தாதான்.

அதனாலதான் கள்ளிவிளையில ஞாயித்துக்கெழமை ஆராதனைக்கு அடிக்குத ரெண்டாம் மணிய நேரத்துக்கு அடிக்கிறதில்ல. மொதல்ல ஒரு ஆளு சிரட்டையோட ஊரச் சுத்திவரணும். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, "கங்கு இருக்கா?"ன்னு கேக்கணும். இப்ப எல்லா வீட்டுலயும் கேஸ் அடுப்பு. இருந்தாலும் "இருக்கு"ன்னு உள்ளருந்து ஒரு குரல் வரணும். வரலன்னா கோயில விட்டுட்டு எல்லாரும் அந்த வீட்டுக்குப் போவோம். ஒரு தடவை பிஷப்பு வந்து அங்கியோட வெளிய நின்னாரு. நிக்கட்டும்னு விட்டோம். சிரட்டை எடுக்குத ஆளுக்குப் பாடத் தெரியுமா, வசனம் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கதில்ல.

தெக்குத்தெரு கடைசியில இப்ப வீடு கெடையாது. மணலுதான் கெடக்கு. அங்கயும் போயி நின்னு கேப்போம், "ஏட்டி பூரணம், ஒரு கங்கு இருக்கா?" பதிலு வராது. வராதுன்னு தெரியும். ஒரு ஜெபம் சொல்லுத நேரம் அங்கன நின்னுட்டுத்தான் வருவோம். அதுக்கப்புறந்தான் மணி.