மூன்று தட்டினால் மாத்திரை

இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை, ஐயா. யாரை எடுத்தாலும் ஒரு கால் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். செருப்புக் கடைக்காரர்கள் பலர் ஒரு காலை மட்டும் அளந்துவிட்டுப் பெட்டியை நீட்டுவார்கள். நான் இரண்டையும் அளப்பேன். தரையில் முட்டி போட்டு, அளவுப் பலகையை வைத்து, குதிகால் அசையாமல் பிடித்து அளப்பேன். இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

நீங்கள் கேட்டது அது இல்லை என்று தெரிகிறது. அண்ணன் கட்டிலருகே இருந்த தேநீர் ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

கடை கீழே, வீடு மேலே. கட்டடம் அண்ணனுடையது. அண்ணனும் அண்ணியும் மேலே இருந்தார்கள். எனக்குக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை, கடைதான் எல்லாம். மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு வந்து, படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணிக்குப் பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. ஆகவே அண்ணனுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டினால் தேநீர் வேண்டும். இரண்டு தட்டினால் பொழுது போகவில்லை, வந்து உட்கார். மூன்று தட்டினால் வலி வந்துவிட்டது, வந்து மாத்திரையை எடுத்துக் கொடு. மூன்று தட்டு நான்கு தடவை கேட்டிருக்கிறது. நான்கு தடவையும் வெறுங்காலோடு படியேறி ஓடினேன். அண்ணியைக் கேட்டால் சொல்வார்.

போன வருடம் அண்ணி ஒரு பொத்தான் வாங்கி வந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்வது. உள்ளே சிம் இருக்கும். அமுக்கினால் அண்ணி ஃபோனுக்கும் என் ஃபோனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். "இனிமே தடியால தட்டி, கீழ செருப்பு வாங்க வந்தவங்களை விரட்டாதீங்க" என்று அண்ணனைக் கிண்டல் செய்தார். விரட்ட ஆள் இருந்தால்தானே என்று அண்ணன் சொன்னார். நானும் சிரித்தேன்.

உண்மையில் ஆள் வராமல் இல்லை. வந்தார்கள். உட்காருவார்கள். நான் அளப்பேன், ஆறேழு ஜோடி எடுத்து மாட்டிக் காட்டுவேன். கச்சிதமாகப் பொருந்தியதும் அதைப் படம் எடுப்பார்கள். பிறகு என் தலைக்கு மேலேயே ஃபோனைத் தேய்த்து, அதே செருப்பை வேறெங்கோ வாங்கிவிடுவார்கள். "நாளைக்கே வீட்டுக்கு வந்துடுமாம்" என்று என்னிடமே சொன்ன பெண் ஒருத்தி உண்டு. அவள் கால் அப்போது என் கையில் இருந்தது. அன்றைக்குப் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஸ்கேன் செய்து பணம் போட அட்டை வைத்தேன், கார்டு மெஷின் வாங்கினேன். செருப்புகளைப் படம் பிடித்து ஃபோனில் எல்லாருக்கும் அனுப்பினேன். பத்தொன்பது பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். காலைக் காட்ட ஒருவரும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி இடம் தேடி வந்தது. ஃபோனில் வாங்கும் சாமான்களை இறக்கிவைத்து, பிரித்து, வீடுகளுக்கு அனுப்பும் கம்பெனி. என் கடைதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அண்ணன் என்னை மேலே கூப்பிட்டார். இரண்டு தட்டு.

"தம்பி, உன்மேல தப்பே இல்லடா. ஊரே ஃபோன்ல வாங்குது. நீ ஒருத்தன் முட்டி போட்டு என்னடா பண்ணுவ? உனக்கும் உள்ள வேலை தர்றாங்களாம். பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டணும், அவ்வளவுதான். உட்கார்ந்தே பண்ணலாம்."

அன்பாகத்தான் சொன்னார். என்னால் தாங்க முடியாமல் போனது அந்த அன்புதான். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "மாசக் கடைசி வரைக்கும் விடுங்கண்ணே, தூக்கி நிறுத்திக் காட்டுறேன்" என்றேன். சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் ஒரு ஜாமர் வாங்கினேன். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. அதை ஓடவிட்டால் பத்தடி, பதினைந்தடிக்கு எந்த ஃபோனிலும் சிக்னல் நிற்காது. அதையும் ஃபோனில்தான் வாங்கினேன். சொன்னபடி அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் அதை எப்போதும் ஓடவிட்டவன் இல்லை. ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கல்லாவுக்கு அடியில் இருந்த சுவிட்சைப் போடுவேன். "சரி, இதையே குடுங்க" என்ற வார்த்தை வந்ததும் அணைத்துவிடுவேன். அணைத்தே ஆகவேண்டும். என் கார்டு மெஷினிலும் சிம்தானே இருக்கிறது. எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது. ஃபோனில் விலை பார்க்க முடியாதபோது மனிதர்கள் காலில் இருக்கும் செருப்பைப் பார்க்கிறார்கள். நாலு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்கினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேல்மாடி எத்தனை அடி என்று கேட்கிறீர்கள். கடையின் கூரை ஒன்பதடி. ஆமாம், தெரியும்.

அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார். "பகல்ல அப்பப்ப அந்தப் பட்டன்ல சிவப்பு லைட் எரியுதாம். சிக்னல் போயிடுது போல. எனக்குப் பயமா இருக்கு." டவரில் வேலை நடக்கிறது, சீக்கிரம் சரியாகிவிடும் என்றேன். "எதுக்கும் அந்தத் தடி கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கட்டும் அண்ணி" என்றும் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று ஏற்பாட்டை நினைவுபடுத்தியவன் நான்தான்.

மாதக் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கம்பெனி ஆட்கள் கையெழுத்து வாங்க வருவதாக இருந்தது. மூன்று மணிக்கு ஓர் அம்மா உள்ளே வந்தார். ஒரு பெரிய விடுதியின் மேற்பார்வையாளர். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் நாற்பது பெண்களுக்குக் காலணி வேண்டும் என்றார். முதலில் தன் காலுக்குப் போட்டுப் பார்ப்பார், சரியாக இருந்தால் நாற்பதும் இங்கேயே. நாற்பது ஜோடி. அந்த ஆர்டரைக் காட்டினால் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார். சுவிட்சைப் போட்டுவிட்டு முட்டி போட்டேன்.

வலது காலை அளக்கும்போது மேலே மூன்று தட்டு கேட்டது.

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். "மேல யாரோ தட்டுறாங்களே?"

"வேலை நடக்குதும்மா. ஆணி அடிக்கிறாங்க" என்றேன்.

எழுந்து இரண்டெட்டு வைத்தால் சுவிட்ச். ஆனால் அவர் அப்போதுதான் ஃபோனைக் கையில் எடுத்திருந்தார். "வேற இடத்துல என்ன விலைன்னு பாக்கலாம்னா டவரே இல்லை" என்று முணுமுணுத்தார். இந்தத் தெருவே அப்படித்தான் என்றேன். இடது காலை அளந்தேன். மறுபடி மூன்று தட்டு கேட்டது. இடது கால்தான் பெரிது. அரை அளவு கூட்டி ஒரு ஜோடி எடுத்து வந்து மாட்டினேன். இரண்டு தட்டு கேட்டது. அவர் எழுந்து கடைக்குள் நடந்து பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் தூக்கவில்லை, விரல் இடிக்கவில்லை.

அப்புறம் ஒரே ஒரு தட்டு.

"சரி, இதையே குடுங்க" என்றார் அந்த அம்மா.

நான் ஜாமரை அணைத்தேன். இல்லை, அண்ணனுக்காக இல்லை. உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. கார்டு மெஷின் வேலை செய்வதற்காக அணைத்தேன். முன்பணம் ஏறியதும் மெஷின் ஒரு சத்தம் கொடுத்தது. அடுத்த நொடியே என் சட்டைப்பையில் ஃபோன் அதிர ஆரம்பித்தது. பொத்தானில் தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொத்தம் பதினோரு தடவை அமுக்கியிருக்கிறார். முதலாவது மூன்று பன்னிரண்டுக்கு. கடைசி மூன்று இருபத்தொன்றுக்கு. அப்போது மணி மூன்று முப்பத்தைந்து. அந்த அம்மாவை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுப் பதினொன்றையும் படித்தேன்.

படித்துவிட்டு ஓடவில்லை. ஓடினால், முதல் தட்டுக்கே ஓடியிருக்கவேண்டும் என்று ஆகிவிடும். அண்ணிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதே செய்திகள் போயிருக்கும், அவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. அண்ணன் கடைசியாகத் தட்டியது ஒரு தட்டு, ஐயா. ஒரு தட்டு என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அடுப்பை மூட்டித் தேநீர் போட்டேன். நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆர்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

சர்க்கரை போடவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அண்ணன் உடம்பு விஷயத்தில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை.