ஆடு இருக்கிற பக்கம்

— மணி ஏழே கால்தான் ஆகுது மாமா. வந்த மச்சினனுக்கு ஒரு வாய் டீ குடுத்துட்டு அப்புறம் கடப்பாரையைக் குடுக்கக் கூடாதா?

— டீ போட ஆள் இல்லை. தெரியுமில்ல.

— தெரியும்.

— வேலியில பழைய கம்பி வலையைக் கழட்டிப் போட்டாச்சு. புதுசு அடிக்கணும். மரக்கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் ஆடு வந்துரும்.

— எத்தனை?

— மிச்சம் இருந்த ஒன்பதுதான். பால்காரர் கொட்டகையில எத்தனை நாள் விட்டு வைக்கிறது? அந்த முனையைப் பிடி. இழு.

— இழுத்துட்டுத்தான் இருக்கேன்.

— இது இழுக்கிறதா? தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கு.

— தையல்காரன் கை மாமா. ஊசியைத் தவிர வேற எதையும் தூக்கினதில்லை.

— பந்தியில மட்டும் நல்லா வேலை செய்யுதே.

— அது வேற கை... சரி, வந்துருச்சு. அடிக்கலாமா?

— இரு, இரு. வெளிய எங்கே போறே?

— வலையை வெளிப்பக்கம் வெச்சு அடிக்கத்தான்.

— உள்பக்கம்.

— பழசு வெளிப்பக்கம்தானே இருந்துச்சு? ரோட்டுல இருந்து பார்த்தா கால் ஒண்ணும் தெரியாது, பளிச்சுனு இருக்கும். நீங்களே கூட்டிட்டு வந்து காட்டினீங்க.

— காட்டினேன். அது தப்பு. வலை ஆடு இருக்கிற பக்கம் வரணும்.

— துணின்னா நல்ல பக்கம் வெளியே வரும்.

— ஆடு சட்டை போடாது. முதுகு அரிச்சா வேலியிலதான் தேய்க்கும், சாயும். வலை உள்ளே இருந்தா, சாயச் சாய மரத்துலயே போய் அழுந்தும். வெளியே இருந்தா ஆணியைத் தள்ளும்.

— தள்ளினா?

— ஒண்ணு பிடுங்கிக்கும். அப்புறம் அடுத்தது... ஆணி குடு.

— இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க?

— கம்பிக் கடையில சொன்னான். போன வாரம்.

— ம்... மாமா.

— என்ன.

— அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா.

— சுத்தியலைக் கீழே வெச்சுட்டுச் சொல்லு. விரல்ல போட்டுக்காதே.

— அன்னிக்கு அவதான் கேட்டுக்குக் கொண்டி போடாம போயிட்டான்னு நீங்க சொன்னீங்கல்ல...

— அது முடிஞ்சு போச்சு.

— முடியலை. அஞ்சு மாசமா எங்க வீட்டுல ‘போட்டேன், போட்டேன்’னு அழுதுட்டு இருந்தவ, இப்போ போடலைங்கிறா. நான்தான் மறந்திருக்கணும், பத்தொன்பது ஆடு ரயில்ல அடிபட்டுச் செத்தது என்னாலதான்னு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கச் சொன்னா.

— அவளா சொன்னா?

— அவதான். வெளிய கிளம்பினா வீட்டைப் பூட்டுவா. பூட்டிட்டு என்னைக் கூப்பிட்டு, ‘பூட்டியிருக்கா, இழுத்துப் பாரு’ம்பா. நானும் இழுத்துக் காட்டுவேன். தெருமுனை போயிட்டு மறுபடியும் திரும்பி வருவா.

— வலையை இழுத்துப் பிடி.

— நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், வந்துருவா. நீங்க ஜெயிச்சாச்சு மாமா.

— ஆணி.

— இந்தாங்க... என்ன, ஆணி வளையுது? ஒரு வாய் டீ குடிச்சிருந்தா—

— பேச்சைக் குறை. கால்ல மிச்சம் இருக்கிற பழைய ஆணியைப் பிடுங்கு. இந்தப் பக்கம் மட்டும்.

— ரயில் பக்கம்?

— அதை நான் பார்த்துக்கிறேன்.

— குறடு என் கையிலதானே இருக்கு. நாலு எட்டு நடந்தா... மாமா, இதென்ன, ரெண்டு ரெண்டா ஓட்டை?

— பழைய மரம். புழு தின்னிருக்கும்.

— எந்தப் புழு வரிசையாத் தின்னுது? முதல் ஓட்டையில மரம் பிஞ்சு வந்திருக்கு. ஒரு விரல் தள்ளி வேற ஆணி. இந்தக் கால்ல, அதுல, அதுக்கடுத்ததுல. மத்த எதுலயும் இல்லை. பிரிச்சுத் தைச்சதைக் கண்டுபிடிக்கிறதுதான் மாமா என் பிழைப்பு.

— வெயில் ஏறுது. வேலையைப் பாரு.

— எப்போ திரும்ப அடிச்சீங்க?

— குறடை இப்படிக் குடு.

— மாமா.

— அன்னிக்கு. பொழுது சாயறப்போ.

— அன்னிக்குன்னா... ஆடு செத்த அன்னிக்கா?

— ம்.

— அக்கா எங்கே இருந்தா?

— தண்டவாளத்துல. செத்ததை ஒண்ணொண்ணா இழுத்து ஓரமாப் போட்டுட்டு இருந்தா. சாக்கு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். வந்து அடிச்சேன்.

— அப்போ வலை விழுந்து கிடந்திருக்கு.

— மூணு காலுக்கு. ஒரு மாட்டு வண்டி போகலாம், அவ்வளவு வழி.

— கடைக்காரன் போன வாரம் சொன்னான்னு—

— பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. கடைக்காரன் எதுக்கு.

— அஞ்சு மாசம் மாமா.

— மறுநாளே சொல்லிரலாம்னுதான் இருந்தேன். மறுநாள் அவ சாப்பிடலை. சரி, சாப்பிடட்டும், அப்புறம் சொல்லலாம்னு... அதுக்குள்ள உங்க வீட்டுக்கு வந்துட்டா.

— வேலி தப்பாப் போச்சுன்னா அக்கா என்ன தலையையா எடுத்திருப்பா?

— முதல்ல வேலி அடிக்கும்போதே கேட்டா. வலையை உள்ளே அடிக்கிறதுதானேன்னு. ஆடு மேய்க்கிறவளுக்கு வேலியைப் பத்தி என்ன தெரியும்னு சிரிச்சேன். உன் முன்னாடிகூடச் சொல்லிச் சிரிச்சேன்.

— ஞாபகம் இருக்கு. நானும் சிரிச்சேன்.

— ஆடு அவளோடது. ஒவ்வொண்ணுக்கும் அவதான் பிரசவம் பார்த்தா. இதுல என்னோடதுன்னு இருந்தது வேலி ஒண்ணுதான்.

— ...இருங்க. எனக்கு ஒண்ணு இடிக்குது.

— விடு.

— அக்கா சும்மா ஒண்ணும் ஒத்துக்கலை. ஆட்டுக்கு மருந்து வாங்கிட்டுத் திரும்பி வந்தப்போ கேட்டு திறந்து கிடந்ததாம். கொண்டி தொங்கிட்டு இருந்ததாம். கண்ணால பார்த்திருக்கா. அதுக்கப்புறம்தான் தண்டவாளத்துக்கு ஓடியிருக்கா.

— ஆமா. திறந்துதான் கிடந்தது.

— அப்போ அவளும்தான் மறந்திருக்கா. வலையும் விழுந்திருக்கு, கேட்டும் திறந்து கிடந்திருக்கு. ஆடு எது வழியாப் போச்சோ, யாருக்குத் தெரியும்? ரெண்டு பேர் மேலயும் தப்பு. ஆளுக்குப் பாதின்னு பேசி முடிச்சிரலாம் மாமா. வேலி விஷயத்தை நானே பக்குவமாச் சொல்றேன். கோபப்படுவா, நாலு நாள் பேச மாட்டா, அப்புறம் வந்துருவா.

— அப்படிச் சொல்லாதே.

— ஏன்? பாதியாவது அவ தலையில இருந்து இறங்கட்டுமே.

— அவளுக்கு முன்னாடியே நான் வந்துட்டேன் மாப்ளே. வலை விழுந்து, ஆடு எல்லாம் அடிபட்டுக் கிடந்தது. கேட்டு சாத்தி, கொண்டி போட்டுத்தான் இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.