பெரியவர்கள் இறங்கட்டும், தெய்வநாயகி ஆடட்டும்

மதியம் முதல் நாற்காலியை விட்டு நகராமல் அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் செங்கல்வராயன் அவர்களே, அவருக்கு இடமும் வலமும் அணிவகுத்து அமர்ந்திருக்கும் பன்னிரண்டு பெரியவர்களே, ஏரி கடந்து எங்களை எண்ணி வந்திருக்கும் கௌஸ் மைதீன் பாய் அவர்களே, உட்கார இடமின்றிப் பந்தலின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் என் அருமைத் தாய்மார்களே, அனைவருக்கும் இந்த வளர்மதியின் வணக்கம்.

பத்தாண்டு நடனப் பணிக்குப் பாராட்டு விழா என்றீர்கள். பதினான்கு பேர் பேசினீர்கள். நான் பாரதத்தின் பெருமையாம், பழவேற்காட்டின் பொக்கிஷமாம். கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது. ஆனால் எதைப் பாராட்டினீர்கள் ஐயா? உங்களில் ஒருவராவது என் நடனத்தைப் பார்த்ததுண்டா? இருந்தால் கை தூக்குங்கள். பாய் தூக்குகிறார், அவரும் போனில் பார்த்தவர்தான்.

பத்தாண்டுக்கு முன், சென்னையில் கற்ற வித்தையைச் சுமந்து இங்கே வந்தேன். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு ஆடக் கற்பிக்கப் போகிறேன் என்று இறுமாந்து வந்தேன். முதல் நாளே தெய்வநாயகி அக்காவிடம், முதுகை நிமிர்த்துங்கள் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதுக நிமித்தினா இறாலு கைக்கு எப்டி கண்ணு வரும்? நீ தண்ணில எறங்கிப் பாரு, அப்பால சொல்லு."

இறங்கினேன். பிடித்த இறாலைப் போடும் கூடையான ஓலைப் பறியைப் பல்லில் கடித்து, இரு கையாலும் சேற்றைத் துழாவி, மண்டியிட்டு நகர்ந்தேன். கால் மணி நேரத்தில் மட்டி ஓடு முழங்காலைக் கிழித்தது. தாடை இறுகி வாய் திறக்கவில்லை. அக்கா அதை நாற்பது ஆண்டாகச் செய்கிறார். கற்ற வித்தையை அன்றே மூட்டை கட்டினேன். அந்த நகர்வுதான், அந்தத் துழாவல்தான், பல்லில் கடித்த அந்தப் பறிதான் நான் அமைத்த நான்கு நடனங்களும்.

அக்கா ஆடினார், டெல்லி பார்த்தது. கொச்சி பார்த்தது. பெங்களூரு எழுந்து நின்று கைதட்டியது. இந்த ஊர் பார்த்ததா? திருவிழாவில் ஒரு மணி நேரம் கேட்டேன், பாட்டுக் கச்சேரி என்றீர்கள். பொங்கலுக்குக் கேட்டேன், "வாயில பறிய கவ்விக்கினு ஊரு முன்னாடி ஆடினா நம்ப மானம் இன்னா ஆவறது"னு கேட்டீர்கள். அதே பறியில் வந்த இறாலைத் தொக்கு வைத்துச் சாப்பிடும்போது அந்த மானம் எங்கே போயிருந்தது?

இன்றைக்காவது விட்டீர்களா? மேடைக்கே பாடு போட்டுவிட்டீர்கள். ஏரியில் யார் வலை, எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பீர்களே, அப்படியே இன்றைய நேரத்தையும் குலுக்கி உங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டீர்கள். ஆட்டத்துக்குச் சீட்டே எழுதவில்லை. கேட்டால் தலைவர் நிதானமாகச் சொல்கிறார்: "பொம்பளைங்களுக்கு ஏரியிலயே பாடு கெடையாது. மேடையில மட்டும் எப்டிமா தர்றது? முறைனு ஒண்ணு இருக்குல்ல." தலையில் அடித்துக்கொள்வதா, ஏரியில் விழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

யாரப்பா அது, நேரமாச்சுன்னு குரல் கொடுப்பது? எனக்கும் தெரியும். மூன்றாம் வரிசையில் அக்காவின் மகன் லோகேஷ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மீஞ்சூரில் அவனுக்கு இரவு ஷிப்ட், ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பெற்ற தாய் ஆடி அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அக்காவுக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது, இன்றோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். இப்போது மணி ஐந்தரை. ஆட்டம் இருபது நிமிடம். இன்று தவறினால் அவன் எப்போது பார்ப்பான்? சொல்லுங்கள், எப்போது?

ஏற்புரைக்கு எனக்கும் ஒரு சீட்டு விழுந்திருக்கிறது, ஆறு மணி வரை. பாடு வந்தவர் தன் நாளை இன்னொருவருக்கு விட்டுத் தரலாம் என்பதும் உங்கள் முறைதானே? தலைவர் தலையாட்டுகிறார். ஊரே பார்த்தது. மிச்ச நேரத்தைத் தெய்வநாயகி அக்காவுக்கு விட்டுத் தந்தேன்.

பெரியவர்கள் தயவுசெய்து மேடையை விட்டு இறங்க வேண்டும். "நாங்க எங்கம்மா உக்கார்றது?" என்கிறார் தலைவர். அதோ, தாய்மார்கள் நிற்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள் ஐயா, இருபது நிமிடந்தான்.

இத்தனை நேரம் கால் கடுக்க நின்ற தாய்மார்களுக்கு என் நன்றி, எல்லோருக்கும் வணக்கம். லோகேஷ், முன்னாடி வாப்பா. உங்கம்மா மேடை ஏறுறாங்க.