மலையடியில் நின்றவர்கள்

பினாங்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒரு புருஷனும் பெண்சாதியும் பட்டர்வொர்த் படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் நெஞ்சுல பிறவியிலேயே ஓட்டையாமே!" என்றாள் அவள். "இதயத்தோட மேல் ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கும்போலன்னு டாக்டர் சொல்றாரு. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குறது, ஓயாத சளி, எல்லாம் அதனாலதானாம். எங்கம்மா என்னைச் சோம்பேறின்னுல்ல திட்டுவாங்க."

"இனிமே யார் திட்டுவா?"

"படியேறவே கூடாதாம்ங்க. அடுத்த தைப்பூசத்துக்காவது ஏறிடலாம்னு நினைச்சுக்கிட்டேதான் வருசா வருசம் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துல நின்னேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேல கோயில்கிட்ட நின்னு பார்த்தா கடல் தெரியுமாங்க?"

"எனக்கென்ன தெரியும்? நானும் உன்கூடக் கீழேயேதானே நின்னேன்."